தனியார் மென்பொருளின் பாகுபாடு: ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு ஏதேனும் உண்டா?

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைத் தனியார் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வடிகட்டும்போது நேரும் பாகுபாட்டை ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் எப்படி வாதிடுவது என்பது என் முதுநிலைச் சட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல். மாத இறுதியில் ஒப்படைக்க வேண்டிய அது பாதியில் நிற்கிறது.

முதலில் குளூகின் எதிர் ரஷ்யா (2023) தீர்ப்பைப் பார்த்தேன். ஆளுயர அட்டை உருவத்துடன் மாஸ்கோ மெட்ரோவில் தனியாகப் போராடியவரை முக அடையாளத் தொழில்நுட்பத்தால் கண்டறிந்து கைது செய்ததில் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 8 (தனிவாழ்க்கை), 10 (கருத்துச் சுதந்திரம்) ஆகிய பிரிவுகள் மீறப்பட்டதாக நீதிமன்றம் கூறியது. ஆனால் அங்கே கருவி அரசின் கையில் இருந்தது. பர்புலெஸ்கு எதிர் ருமேனியா (2017) தனியார் முதலாளியின் கண்காணிப்பைப் பற்றியது, அரசின் பாதுகாப்புக் கடமையைத் தெளிவாக வகுக்கிறது, ஆயினும் பாகுபாட்டைத் தொடவில்லை. எனக்கு மிகவும் நெருங்கி வருவது டி.எச். எதிர் செக் குடியரசு (2007): ரோமா என்ற சிறுபான்மை இன மாணவர்கள் கற்றல் குறைபாடுள்ளோருக்கான சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்ட அவ்வழக்கில் புள்ளிவிவரத்தை ஏற்று நிரூபணப் பொறுப்பு அரசின் மேல் மாற்றப்பட்டது. சிக்கலும் அங்கேதான், நிறுவனம் தன் கணக்கீட்டு முறையைத் தொழில் இரகசியம் என்று பூட்டிவைத்தால் விண்ணப்பதாரருக்குப் புள்ளிவிவரம் எங்கிருந்து கிடைக்கும்? 2024 செப்டம்பரில் வில்னியசில் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்ட, செயற்கை நுண்ணறிவு குறித்த ஐரோப்பிய அவையின் உடன்படிக்கையும், தனியார் துறையைக் கையாளும் வழியைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் தெரிவுக்கே விட்டுவிட்டது. அந்த நீதிமன்றத்தின் ஹூடாக் (HUDOC) தீர்ப்புத் தளத்தில் தேடியும் பயனில்லை.

புள்ளிவிவரம் இல்லாத நிலையில், தனியார் தரப்பு தகவலை மறைத்ததையே அடிப்படையாகக் கொண்டு நிரூபணப் பொறுப்பை மாற்றிய தீர்ப்பு ஏதேனும் உண்டா?