அம்மாமாரின் குரல்பதிவை வைத்துப் பரதம்: எங்கே பிழைக்குது?

கிடுகுவேலி:
ரொறன்ரோவில் பிறந்த 5 பிள்ளைகள், வயது 13–16. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டைப் பற்றி நாலு அம்மாமார் கதைத்த பதிவு 3 மணித்தியாலம் இருக்கு. அதை 10 நிமிட நடன உருப்படியாக்க வேணும். குரலை ஓடவிட்டுச் சொல்லுக்குச் சொல் முத்திரை பிடித்தால் செய்திக்குச் சைகை காட்டுற மாதிரி இருக்கு. என்ன செய்யலாம்?

துலாக்கொடி:
பதத்தில் (அபிநயத்துக்கான மெதுவான பாட்டு) பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். அந்த இடைவெளியில்தான் சஞ்சாரி, அதாவது ஒரே வரியைப் பலவிதமாக அபிநயித்துக் காட்டுறது, விரியும். பேச்சு ஒருக்காத்தான் வரும், கை அதைத் துரத்துது. பேச்சை மொத்தம் இரண்டரை நிமிடத்துக்கு வெட்டுங்கோ. "படலையைச் சாத்திப்போட்டு வந்தனாங்கள்" என்று குரல் நின்ற பிறகு, சத்தமில்லாமல் 3 ஆவர்த்தன (தாளத்தின் முழுச் சுற்று) நேரம் படலை, அந்த வேலிக் கதவு, மட்டும் சாத்தட்டும்.

பிள்ளைகள் கிணற்றடியைக் காட்டினால் கப்பியில் இழுக்கிற மாதிரித்தான் இழுப்பார்கள். ஆனால் அங்கே இருந்தது துலா, கிணற்றடியில் ஏற்றம் மாதிரி நிற்கிற நீளமரம்; அதில் பாரம் மறுமுனையில். வாளியை இறக்கத்தான் பலம் வேணும், ஏறும்போது கை சும்மா கூடப் போகும். அரைமண்டியில் (முழங்கால் மடித்த நிலை) அழுத்தமாக இறங்கி லேசாக எழும்பினால், முத்திரையே இல்லாமல் துலா தெரியும்.

தகதிமி:
பேச்சுக்குக் கீழே மிருதங்கம் வேண்டாம், தம்புரா போதும். அம்மா வசனம் முடிக்கிற சுரத்துக்குச் சுருதியை ஒட்டி வையுங்கோ, இல்லையென்றால் குரல் அபசுரமாகக் கேட்கும். எட்டு அட்சர (எண்ணிக்கை) ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு ஒரு விநாடி என்றால் உங்களுக்கு இருப்பது 75 ஆவர்த்தனம். பேச்சும் மௌனமும் பாதியைத் தின்றுவிடும்.

யாழ்ப்பாணத்துச் சனம் போரால் வெளியேறிய 1995 அக்டோபர் 30 இடப்பெயர்வைக் காட்டுவதென்றால் ஐந்து பேரும் ஒரே தட்டடைவில் (காலைத் தட்டி ஆடுகிற அடிப்படை அடைவு) போகக்கூடாது, இராணுவ அணிவகுப்பாகிவிடும். வெளியேறுகிற வழியில் நாவற்குழிப் பக்கம் சனம் நெருக்குப்பட்டு நின்று நின்றுதான் நகர்ந்தது. ஏழு அட்சர மிஸ்ர சாப்புத் தாளம் எடுங்கோ: மூன்றான தகிடவுக்கு நடை, நாலான தகதிமிக்கு நிற்பு. ஒவ்வொருவரும் ஒரு அட்சரம் பிந்தித் தொடங்கட்டும்.

கிடுகுவேலி:
சலங்கைச் சத்தத்தில் குரல் கேட்குதில்லையே?

துலாக்கொடி:
கழட்டிவிடுங்கோ. பிள்ளைகள் தங்கட வீட்டைச் சொல்கிற கடைசிப் பகுதிக்கு மட்டும் கட்டட்டும். அவர்கள் காணாத முற்றத்துக்கு அழுது காட்டினால் பொய்யாகத்தான் தெரியும். அம்மாவிடம் கேட்கிற பிள்ளையாகவே நிற்கட்டும், பார்வை அவர் இருக்கிற பக்கம்.

தகதிமி:
வெட்டிய பதிவை மேடைக்கு முன் அந்தந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கோ. நடுவில் அரை வசனம் போனாலே கருத்து மாறிவிடும். அயலவர் பேர் வருகிற இடத்தைத் தனியாகக் கேட்டு எடுத்துவிடுங்கோ.