தில்லைக்குப் பொன் வேய்ந்த குந்தவை யாருடைய மகள்?

வினா:
சோழ மன்னன் முதலாம் குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1114இல், 'இராசராசன் குந்தவை' என்னும் அரசகுலப் பெண் சிதம்பரம் கோயிலுக்குப் பொன் வேய்ந்ததாகப் படித்தேன். பெயருக்கு முன்னே தந்தை பெயர் வருவது வழக்கமாதலால், தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த இராசராசனின் மகள் என்றே குறித்துக்கொண்டேன். ஆனால் அம்மன்னன் மறைந்தது 1014இல். மகள் அதன்பின் நூறாண்டு வாழ்ந்தாரா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, முன்னொட்டை நீங்கள் படித்த முறை சரிதான், இராசராசன்தான் வேறு. சோழ இராசராசனின் மகள் குந்தவை, ஆந்திரப் பகுதியிலுள்ள வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்தார். அவர்கள் தம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையே இட்டார்கள். அவனே இராசராச நரேந்திரன். அவன் தன் தாய்மாமன் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கையை மணக்க, அவர்களுக்குப் பிறந்தவர்கள்தாம் குலோத்துங்கனும் நீங்கள் தேடும் குந்தவையும். குலோத்துங்கனின் மகன் வீரசோடனுடைய சேல்லூர்ச் செப்பேடு, விமலாதித்தன் தொடங்கி இந்த மணவுறவுகளைச் சொல்லிச் செல்கிறது. சிதம்பரக் கல்வெட்டும் இவரைக் குலோத்துங்கனின் திருத்தங்கையார் என்றே குறிக்கிறது. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் நூறாண்டு தவறிவிடும்.

மறுமொழி 2:
பேத்தி என்றாலே பெயர் தாங்குபவள்தானே; இங்கே அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் இவருக்கு வந்திருக்கிறது. (தேடுகிறவர்களைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை!) இன்னும் இரண்டு குந்தவையர் உண்டு. தஞ்சைக் கல்வெட்டுகளின் 'ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்', சோழ இராசராசனின் தமக்கை. அங்கே பராந்தகன் என்பது இரண்டாம் பராந்தகனான சுந்தர சோழன். 'ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்' என்ற தொடர்கள் உடன் வராவிட்டால், அவரை முதலாம் பராந்தகனின் மகளாக்கிவிடுவோம். சோழ மன்னன் அரிஞ்சயனின் தேவி வீமன் குந்தவையார் நிலை வேறு. அந்த வீமனை வேங்கிச் சாளுக்கிய வீமனாக ஆய்வாளர் சிலர் கொள்கிறார்கள். பெயரொற்றுமையை நம்பிச் செய்த ஊகம் என்பதால், நானாயிருந்தால் அதனை மரபுவரிசையில் கேள்விக்குறியோடுதான் எழுதுவேன்.

வினவியவர்:
இருவருக்கும் நன்றி. குறிப்பேட்டைத் திருத்திவிட்டேன். 'மதுராந்தகன்' என்ற பெயரும் உத்தம சோழனுக்கும் இராசேந்திரனுக்கும் பொது என்பது இப்போதுதான் உறைக்கிறது. அம்முன்னொட்டோடு எழுதிவைத்தவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும்.