டாப்ஸி மட்டும் பார்த்து 'ஆர்.வி. நார்மல்' எழுதலாமா? – அனுபவப் பகிர்வு

எக்கோ மேசை
இதயத்தின் வலது கீழறையான ஆர்.வி. (வலது வென்ட்ரிக்கிள்) பற்றி "டாப்ஸி 19, ஆர்.வி. ஃபங்ஷன் நார்மல்" என்று ஒரே வரியில் முடிந்த எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) ரிப்போர்ட்டுகள் நிறைய வருகின்றன. டாப்ஸி காட்டுவது, வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ட்ரைகஸ்பிட் வால்வு வளையத்தின் வெளி ஓரம் சுருக்கத்தின்போது எபெக்ஸை (இதயத்தின் கூர்நுனி) நோக்கி எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும்தான். அவுட்ஃப்ளோ பகுதியும் (ரத்தம் வெளியேறும் வழி) செப்டமும் (இரு கீழறைகளின் நடுச்சுவர்) என்ன செய்கின்றன என்று அதற்குத் தெரியாது.

அளப்பதிலேயே கோட்டை விடுவதும் உண்டு. எம்-மோடு (ஒரே கோட்டில் அசைவை நேரத்தோடு காட்டும் முறை) கோடு வளையம் நகரும் திசையிலேயே போக வேண்டும். சாய்ந்தால் எண் குறைந்துவிடும். 17 மி.மீ.க்குக் கீழே போனால் அசாதாரணம். கூடவே டிஷ்யூ டாப்ளரில் (தசை நகரும் வேகத்தை அளக்கும் முறை) எஸ் பிரைம் (சுருங்கும்போது வளையம் நகரும் வேகம்) எடுங்கள், கீழ் வரம்பு 9.5 செ.மீ./செகண்டு. அதில் முதலில் ஒரு ஒல்லியான கூர்முனை எழும்பும். அது வால்வு திறப்பதற்கு முந்தைய சுருக்கம். அவசரத்தில் அதை அளந்துவிட்டு 13 என்று எழுதுகிறார்கள். அதற்கடுத்து வரும் அகன்ற அலைதான் வேண்டியது.

நாலறைக்காரன்
எஃப்.ஏ.சி. (சுருங்கும்போது அறையின் பரப்பு எத்தனை சதவீதம் குறைகிறது என்பது) போட சோம்பல் படாதீர்கள். டயஸ்டோலிக் (விரியும் கட்டம்) கடைசியில் பரப்பு 24 ச.செ.மீ., சிஸ்டோலிக் (சுருங்கும் கட்டம்) கடைசியில் 17 என்றால் கிடைப்பது 29 சதவீதம். 35-க்குக் கீழே என்றால் குறைவு. கோடு வரையும்போது டிரபெக்குலாக்களையும் (உள்சுவரின் தசை மேடுகள்) மாடரேட்டர் பேண்டையும் (அறையின் குறுக்கே போகும் தசைப் பட்டை) அறைக்குள்ளேயே விட்டுவிட வேண்டும். அவற்றின் விளிம்பை ஒட்டி வரைந்தால் பரப்பு குறைந்து கணக்கே மாறிப்போகும்.

வழக்கமான நாலறைக் காட்சியில் எடுக்காதீர்கள். ப்ரோபை (மார்பில் வைக்கும் ஸ்கேன் கருவி) கொஞ்சம் வெளிப்பக்கம் நகர்த்தி, வலது அறையின் அடிப்பகுதி அதிகபட்ச அகலத்தில் தெரியும்வரை சுழற்றுங்கள். இடது எபெக்ஸ் நடுவிலேயே இருக்கட்டும். ப்ரோபை லேசாகத் திருப்பினாலே அகலம் மாறிவிடும் என்பதால், அடிப்பகுதி 41 மி.மீ.க்கு மேல் போனால் விரிவு என்ற வரம்பு இந்தக் காட்சிக்குத்தான் பொருந்தும்.

சர்ஜரி ஐ.சி.யூ.
பைபாஸ், வால்வு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு டாப்ஸி 11, 12 என்று வரும். ரிப்போர்ட்டைப் பார்த்த ஜூனியர் பதறிப்போவார். பெரிக்கார்டியத்தை (இதயத்தின் வெளியுறை) திறந்த பிறகு நீளவாக்குச் சுருக்கம் குறைந்து, குறுக்குவாக்குச் சுருக்கம் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. எஃப்.ஏ.சி.யும் 3டி ஈஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷனும் (ஒரு சுருக்கத்தில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 45 சதவீதத்துக்கு மேல்) சரியாக இருந்தால் அந்த 11-ஐ மட்டும் வைத்து மருந்தை மாற்ற வேண்டியதில்லை.

தலைகீழாகவும் நடக்கும். ட்ரைகஸ்பிட் கசிவு கடுமையாக இருந்தால் ரத்தம் அழுத்தம் குறைந்த ஏட்ரியத்துக்குள் (மேலறை) சுலபமாகத் திரும்பிவிடும். வென்ட்ரிக்கிள் சோர்ந்திருந்தாலும் டாப்ஸி 20-ஐத் தாண்டி அழகாக நிற்கும். வால்வைச் சரிசெய்த பிறகுதான் உண்மை வெளியே வரும். இதற்கு ஃப்ரீ வால் ஸ்ட்ரெயினையும் (வெளிச்சுவர்த் தசை எத்தனை சதவீதம் சுருங்குகிறது என்பது) சேர்த்துப் பார்ப்பது நல்லது. மைனஸ் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் 20-க்குக் கீழே குறைவு.

பல்மனரி பக்கம்
எல்லோரும் சுருக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எந்த அழுத்தத்துக்கு எதிராகச் சுருங்குகிறது என்பது தெரியாமல் அந்த எண்களுக்கு மதிப்பு பாதிதான். ட்ரைகஸ்பிட் கசிவு வேகம் 3.2 மீட்டர்/செகண்டு என்றால் 4 பெருக்கல் 3.2-இன் வர்க்கம், ஏறக்குறைய 41. ஏட்ரிய அழுத்தம் 8 சேர்த்தால் 49 மி.மீ. பாதரசம். இதைத்தான் பல்மனரி (நுரையீரல்) தமனியின் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறோம். டாப்ஸி 14 என்றால் 14-ஐ 49-ஆல் வகுக்க 0.29. பல்மனரி ஹைப்பர்டென்ஷனில் (நுரையீரல் தமனியின் உயர் அழுத்தம்) 0.32-க்குக் கீழே வந்தால் அது 'குறைந்த ஆபத்து' பட்டியலில் இல்லை.

இந்த '4 பெருக்கல் வேகத்தின் வர்க்கம்' என்ற பெர்னூலிச் சூத்திரத்தை எல்லா இடத்திலும் நம்பிவிடாதீர்கள். கசிவு மிகக் கடுமையாகி, டாப்ளர் அலை சீக்கிரம் உச்சிக்குப் போய் முக்கோணமாக விழுந்தால் அழுத்தம் குறைவாகத்தான் கணக்காகும். பல்மனரி வால்வு குறுகியிருந்தால் இந்த எண் வென்ட்ரிக்கிளின் அழுத்தம், பல்மனரி தமனியுடையது அல்ல. முன்பு 70 இருந்தவருக்கு இப்போது 45 என்று வந்தால் சந்தோஷப்படும் முன் அறையின் அளவைப் பாருங்கள். தள்ளச் சக்தியில்லாமலும் அழுத்தம் இறங்கும்.

எக்கோ மேசை
@பல்மனரி பக்கம் சார், அந்த 8 எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடலாம். ஐ.வி.சி.யை (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெருஞ்சிரை) ஏட்ரியத்திலிருந்து 1–2 செ.மீ. தள்ளி அளக்கிறோம். 21 மி.மீ.க்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் 3. அதற்கு மேல் விரிந்து, சுருங்கவும் இல்லை என்றால் 15. இரண்டுக்கும் நடுவில் 8. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்த உறிஞ்சல் கணக்கு செல்லாது.

வார்டு ரவுண்ட்ஸ்
மெஷின் வருவதற்கு முன் ஒன்று. இன்ஃபீரியர் மாரடைப்பு (இதயத்தின் கீழ்ச்சுவரில் வருவது), பி.பி. குறைவு, கழுத்து நரம்பு (ரத்தச் சிரை) புடைத்திருக்கிறது, நுரையீரல் சுத்தம் – இந்தச் சேர்க்கை தெரிந்தால் வலது வென்ட்ரிக்கிளும் பாதித்திருக்கலாம், அதனால் நைட்ரேட் (ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து) கொடுக்கும் முன் வலது பக்க ஈ.சி.ஜி. எடுங்கள். வி4ஆர் லீடு வலது ஐந்தாவது விலா இடைவெளியில், காரையெலும்பின் நடுக்கோட்டில் ஒட்ட வேண்டும். ஈ.சி.ஜி. கோட்டின் எஸ்.டி. பகுதி 1 மி.மீ. ஏறியிருந்தாலே போதும். சில மணி நேரத்திலேயே அது இறங்கிவிடும் என்பதால் "காலையில் எடுக்கலாம்" என்பதற்கு இடமில்லை.

சலைன் 250 மி.லி. ஏற்றிப் பாருங்கள். பி.பி. நகராமல் கழுத்து நரம்பு மட்டும் இன்னும் மேலே ஏறினால் நிறுத்திவிட்டு இனோட்ரோப்புக்கு (சுருங்கும் சக்தியைக் கூட்டும் மருந்து) போங்கள். மேலும் ஊற்றினால் விரிந்த வலது அறை செப்டத்தை இடது பக்கம் தள்ளும், இடது அறை நிரம்ப இடமிருக்காது. அந்த நேரம் குறுக்குவெட்டுக் காட்சியில் இடது வென்ட்ரிக்கிள் வட்டமாக இல்லாமல் தட்டையாகத் தெரியும், டயஸ்டோலில் இன்னும் தெளிவாக.