ஊசி போட்டுத்தான் ஓடுறான் எண்டு நானும் சொன்னனான்

யாழ்ப்பாணப் பக்கம் ஓட்டத்தோடு தொடர்புள்ள ஆக்கள் இங்கே கனபேர் இருக்கிறீங்கள். ஒருவர் திடீரெண்டு வேகமெடுத்ததைக் கண்டு ஊக்கமருந்து எடுத்தாரோ எண்டு சந்தேகப்பட்டிருந்தாலோ, உங்களை ஆரும் சந்தேகப்பட்டிருந்தாலோ நடந்ததை அப்படியே எழுதுங்கோ. முதலில் என்னுடையது.

வலிகாமத்தில் கழகங்கள் வைக்கிற ஓட்டப் போட்டிகளுக்கு இருபது வருசமாக நேரம் எடுத்துக் கொடுக்கிறவன் நான். சித்திரை வருசப்பிறப்பு மரதன், கழக ஆண்டு விழா, பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி, எங்கே கூப்பிட்டாலும் ஸ்ரொப் வோச்சோடு போவேன். எல்லா நேரங்களையும் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம்.

அந்தக் கொப்பியில் ஒரு பெடியனுடைய 5000 மீற்றர் நேரம் இரண்டு வருசமாக 17 நிமிடத்துக்கு மேலேயே நின்றது. 17:24, 17:15, 17:10. வெறுங்காலோடு ஓடுவான். கடைசி இரண்டு சுற்றில் தோள் மேலே ஏறி, தலை ஆடத் தொடங்கும். பிறகு ஐந்து மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்து ஓடிய முதல் போட்டியில் 15:50.

எண்பது விநாடி. பன்னிரண்டரைச் சுற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு விநாடிக்கு மேல் குறைத்திருக்கிறான். சுற்றை எண்ணியதில் பிழை விட்டேனோ என்று பக்கத்தில் நின்ற மற்ற நேரக் கணிப்பாளரைக் கேட்டேன். அவருடைய கடிகாரமும் அதையேதான் காட்டியது. ஓடி முடித்தவன் விழவில்லை, முழங்காலில் கை வைத்துக் குனியவுமில்லை. நடந்து போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்தான். அந்த நடைதான் என்னை உறுத்தியது.

ஓட்டம் தெரிந்தவனுக்கு அந்த உறுத்தல் வராமல் இராது. 1993இல் சீனாவின் வாங் ஜுன்சியா 10,000 மீற்றர் உலகச் சாதனையை ஒரே ஓட்டத்தில் 42 விநாடி குறைத்து 29:31.78 ஆக்கியபோது, மருந்து எடுத்தாரோ என்று உலகம் முழுக்கக் கேட்டது. 2024 ஒக்ரோபரில் சிக்காகோவில் கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் மரதனை 2:09:56இல் முடித்தார். அதற்கு முன் அவருடைய சிறந்த நேரம் 2:14:18. அன்றிரவு நாங்கள் நாலைந்து பேர் வட்சப்பில் வேறொன்றும் கதைக்கவில்லை. அடுத்த வருசம் மார்ச்சில் எடுத்த சிறுநீர் மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற, பிறஷருக்குக் கொடுக்கிற நீர்க்குளிசை பிடிபட்டது. ஓட்டக்காரருக்குத் தடைசெய்யப்பட்டது அது. மூன்று வருசத் தடை. மாதிரி பிந்தி எடுத்தது என்பதால் சிக்காகோ நேரத்தை அந்தத் தடை தொடவில்லை.

எங்கள் பெடியனிடம் ஒருவரும் மாதிரி எடுக்கவில்லை. மைதானத்துக்கு முன்னால் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் கதை தொடங்கியது. ஆசுபத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு தோளைத் தடவித் தடவி வந்ததை ஆரோ கண்டார்களாம். ஒரு தடவை இல்லையாம், மூன்று நாலு தடவையாம். கழகப் பொறுப்பாளர் ஒருவர் என்னிடம் நேரே கேட்டார்.

“மாஸ்டர், உங்கட கொப்பி என்ன சொல்லுது?”

“உந்த ரைம் சும்மா வராது தம்பி. ஊசி போட்டுத்தான் ஓடுறான் போல” என்றேன்.

அந்தப் ‘போல’ அவரோடேயே நின்றுவிட்டது. மிச்சம் இரண்டு கிழமைக்குள் “மாஸ்டரே சொல்லிப்போட்டார்” என்று சுன்னாகம் வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த போட்டிக்குக் கழகம் அவன் பெயரைக் கொடுக்கவில்லை.

ஒரு பின்னேரம் சைக்கிளில் என் படலைக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“சேர், நீங்களும் சொன்னனீங்களாம்.”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. அந்த ரைம் சும்மா வராது எண்டுதான்...” என்று இழுத்தேன்.

“சும்மா வரேல்லைத்தான் சேர்.”

பிறகு சொன்னான். அதுவரை மேசன்மாரோடு கூலிக்குப் போனவன். பகல் முழுக்கச் சீமெந்துக் கலவை சுமந்துவிட்டுத்தான் பின்னேரம் ஓட வந்திருக்கிறான். கடைசிச் சுற்றுகளில் தோள் ஏறியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிரான்சில் இருக்கிற அண்ணன், ஆறு மாதம் காசு அனுப்புறன், வேலையை விட்டுப்போட்டு ஓடிப் பார் என்றிருக்கிறார். விடியப்புறம் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போய்த் திரும்புவது, கடற்காற்று முகத்தில் அடிக்க அடிக்க. மத்தியானம் நித்திரை. முதன்முதலாக ஓடுவதற்கென்று ஒரு சோடி சப்பாத்து. ஊசி? ஓடும்போது தெருநாய் கடித்து விசர்நாய்த் தடுப்பூசிக்குப் போய் வந்திருக்கிறான். காற்சட்டையை உயர்த்திக் கெண்டைக்காலில் பல் பட்ட இடத்தைக் காட்டினான்.

அன்று அவனை முழுதாக நம்பினேன் என்று எழுதினால் பொய். நாய் கடித்தவனும் மருந்து எடுக்கலாம்தானே என்று மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் இரண்டு வருசம் நேரம் எடுத்தவன் நான், ஒரு நாளாவது “பகலில என்ன வேலை செய்யிறாய் தம்பி?” என்று கேட்டதில்லை. இது நடந்து மூன்று வருசம். அவன் பிறகு ஓடவில்லை.

கொக்குவில், மருந்துக்கடையில் வேலை செய்பவர்:

மாஸ்டர், நீங்கள் சந்தேகப்பட்டதே பிழையெண்டு நான் சொல்லமாட்டன். போன வருசம் ஒரு பெடியன் போனில படத்தைக் காட்டி “இது இருக்கோ அக்கா?” எண்டு கேட்டான். பாத்தால் எரித்ரோபொயிட்டின். சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்யிற ஆக்களுக்கு இரத்தம் ஊறுறதுக்குப் போடுறது. ஆருக்கு எண்டன். மாமாவுக்காம். டொக்ரரின்ர துண்டைக் கொண்டு வா எண்டன். பிறகு வரேல்லை.

அது சுகமான உடம்புக்குள்ள போனால் செங்குருதிக் கலங்கள் கூடும், தசைக்கு ஒட்சிசன் கூடப் போகும். நீண்ட தூரம் ஓடுற ஆக்கள் அதைத் தேடுறது அதுக்குத்தான். ஆனா இரத்தம் தடிக்கும். வேர்த்து நீர் வத்த வத்த இன்னும் தடிக்கும். எங்கட சித்திரை வெயிலில அப்பிடி ஓடினால் இரத்தம் கட்டி நெஞ்சிலயோ மூளையிலயோ அடைக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இருபது வயசும் இராது. இதையெல்லாம் அவனை இருத்தி வைச்சுச் சொல்லாமல் துண்டை மட்டும் கேட்டு அனுப்பிப்போட்டன். அண்டைக்கு நித்திரை வரேல்லை.

இன்னொண்டும் சொல்லவேணும். செப்ங்கெடிச் சொன்ன விளக்கம், வீட்டில வேலை செய்யிற பெண்ணின்ர குளிசையை எடுத்ததாம். அதைச் சொல்லியும் தடையில இருந்து தப்பேலாமல் போச்சு. எங்கட வீடுகளிலயும் அம்மம்மாவின்ர பிறஷர் குளிசையைப் பேரப்பிள்ளை எடுத்துப் போடுறது நடக்குது. உடம்பில என்ன இருந்தாலும் பொறுப்பு ஓடுற ஆளின்ர தலையிலதான். இருமல் பாணி வாங்க வந்தாலும் “நான் போட்டிக்கு ஓடுறனான்” எண்டு சொல்லுங்கோ பிள்ளையள்.

வடமராட்சி, விளையாட்டு ஆசிரியை:

நான் பழக்கிற பிள்ளையொண்டு ஓடுறது 1500 மீற்றர். 5:48இல நிண்டவள் ஒரு தவணையில 5:19க்கு வந்தாள். வலயப் போட்டியில தோத்த பிள்ளையின்ர தாய் எல்லாருக்கும் கேக்கத்தக்கதா “ரீச்சர் என்னவோ குடுக்கிறா” எண்டவ.

குடுத்தது உண்மை. இரும்புச்சத்துக் குளிசையும் பூச்சிக் குளிசையும். மாடிப்படி ஏறவே பிள்ளைக்கு மூச்சு வாங்கினதைக் கண்டு தாயோட கதைச்சு இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போனனான். ஹீமோகுளோபின் 8.6. மாதவிடாய்க்கு இரத்தம் கனக்கப் போறது, காலமையில பாணும் பிளேன்ரீயும். சாப்பாட்டோட தேத்தண்ணி குடிச்சால் இரும்புச்சத்து உடம்பில சரியாச் சேராதெண்டு டொக்ரர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குளிசையோட முருங்கையிலை வறை, நெத்தலி எண்டு தாயும் கவனிச்சா. மூண்டு மாதத்தில 12க்கு வந்திட்டுது. ஓடினது அவளின்ர சொந்த இரத்தம்தான், அவ்வளவு நாளும் அது இல்லாமல் ஓடியிருக்கிறாள்.

றிப்போட்டை அந்தத் தாயிடம் காட்டினன். வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை. ஆனா அவ கதைச்சது பிள்ளைக்கும் கேட்டிட்டுது. மாகாணப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கேக்க குளிசையை நிப்பாட்டிப்போட்டாள். ஏனெண்டு கேட்டால், “ஊசி எண்டு சொல்லுவினம் ரீச்சர்” எண்டாள்.

அரியாலை:

2019இல டோகாவில நடந்த ஆசியப் போட்டியில தமிழ்நாட்டுக் கோமதி மாரிமுத்து 800 மீற்றரை 2:02.70இல ஓடித் தங்கம் எடுத்தவுடன கடையில நிண்ட எல்லாருக்கும் நான் சோடா வாங்கிக் குடுத்தனான். எங்கட தமிழ்ப் பிள்ளை, அதுவும் கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளை. பிறகு நான்ட்ரோலோன் எண்ட தசை கூட்டுற ஊக்கமருந்து பிடிபட்டு, நாலு வருசத் தடை, பதக்கமும் போச்சு. அதுக்குப் பிறகு ஆர் முன்னுக்கு ஓடினாலும் கை தட்ட முதல் மனம் ஒருக்கா நிண்டு யோசிக்குது. மாஸ்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

முன்னாள் 10,000 மீற்றர் ஓட்டக்காரர், இப்போது ஸ்காபரோ:

என்னைச் சோதித்திருக்கிறார்கள். கொழும்பு சுகததாச அரங்கு, தேசிய மட்டப் போட்டி. ஓடி முடித்த கையோடு ஒருவர் வந்து பெயர் கேட்டார். அதற்குப் பிறகு என்னைக் கண்ணிலிருந்து விடவேயில்லை. 90 மில்லிலீற்றர் சிறுநீர் வேண்டுமாம். வெயிலில் 25 சுற்று ஓடியவனுக்கு எங்கே இருந்து வரும்? தண்ணீர் குடித்துக் குடித்து மூன்று மணித்தியாலம் இருந்தேன். ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கக் கொடுக்கவேண்டும். அந்த வெட்கம் இன்னும் நினைவிருக்கிறது. ஏ, பீ என்று இரண்டு போத்தலில் நானே ஊற்றி நானே மூடினேன். கடைசி ஏழு நாளில் எடுத்த மருந்தை எழுதச் சொன்னார்கள். பனடோல் என்று எழுதினேன். படிவத்தின் ஒரு பிரதியை என்னிடம் தந்தார்கள். அம்மா அதை அலுமாரியில் கூறைச் சேலைக்குக் கீழே வைத்தா. ஊரில் ஆரும் ஏதும் கதைத்தால் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவா.

ஆனால் ஒரு சோதனையில் ஒன்றும் வராதது முழுச் சான்று ஆகாது. அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸ் எத்தனையோ சோதனைகளைத் தாண்டிவிட்டு, கடைசியில் 2007இல் தானே ஒப்புக்கொண்டார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில், மரியன் முதலாவதாக வந்த 200 மீற்றரில் எங்கள் சுசந்திகா ஜயசிங்க எடுத்த வெண்கலம் அதன் பிறகுதான் வெள்ளியானது. அதே சுசந்திகா 1998இல் நான்ட்ரோலோன் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, பிறகு விடுவிக்கப்பட்டவர். பொய்ப் பழியையும் அவர் சுமந்தார், மற்றவர் செய்த களவின் நட்டத்தையும் அவர்தான் சுமந்தார்.

2009இலிருந்து பெரிய ஓட்டக்காரர்களுக்கு உயிரியல் கடவுச்சீட்டு என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஆளின் இரத்தத்தை வருசக்கணக்காக எடுத்து, அவருடைய ஹீமோகுளோபினை அவருடைய பழைய அளவோடேயே ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மாஸ்டருடைய கொப்பி மாதிரித்தான். ஆனால் அங்கே ஒரு எண் பிசகினால் அடுத்த வேலை நிபுணர்கள் பார்ப்பது, ஓட்டக்காரரிடம் விளக்கம் கேட்பது. உங்கள் பெடியனிடம் விளக்கம் இருந்தது மாஸ்டர். கேட்க முதல் பெயரை வெட்டிப்போட்டார்கள்.

மீண்டும் நான்:

எல்லாவற்றையும் வாசித்தேன். ரீச்சர் எழுதிய கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன்.

நேற்று அந்தக் கழகப் பொறுப்பாளரிடம் போனேன். அன்று நான் சொன்னதற்கு என்னிடம் ஒரு சான்றும் இருக்கவில்லை என்று, அங்கே நின்ற மற்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன். இந்தச் சித்திரைப் போட்டிக்கு அவன் பெயரை எழுதச் சம்மதித்திருக்கிறார்.

பிறகு பெடியனுக்குப் போன் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிய ஐந்தரைக்கு முத்தவெளியில் நிற்பேன், வாறியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் கலவை மெசின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

“ஞாயிறும் வேலை சேர். பிளாற் போடுற வீடு” என்றான்.

அடுத்த ஞாயிறுக்கும் கேட்பேன்.