திரையில் கண்ட ‘இரவுக் காவல்’ ஆய்வுக்குப் போதுமா?

தூரிகை எழுதியது:
டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ ஓவியத்தை, ஆம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் 8,439 துண்டுப் படங்களாக எடுத்துக் கோத்து, 717 ஜிகாபிக்சல் (ஒரு ஜிகாபிக்சல் நூறு கோடி படப்புள்ளிகள்) கொண்ட ஒற்றைப் படமாக 2022 ஜனவரியில் இணையத்தில் வெளியிட்டது. காசு கொடுக்காமல் எவரும் பார்க்கலாம். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. ஓவியத்தின் நடுவே நிற்கும் படைத்தலைவர் பான்னிங் கோக்கின் கண்ணை மட்டும் நேற்றிரவு நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்ணப் பூச்சின் மயிரிழை வெடிப்புகளும் நிறமித் துகள்களும் தெரிந்தன. ஓவியத்தைச் சுற்றி எழுப்பிய கண்ணாடி அறைக்கு வெளியே நிற்பவரின் பார்வைக்கு இவை எட்டவே எட்டா. நேரில் காணாதவர் ஓர் ஓவியத்தைப் பற்றி ஆய்வுரை எழுதக் கூடாது என்ற பழைய வழக்கத்தை இனிக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம்.

நெடுஞ்சுவர் எழுதியது:
துகள்கள் தெரிவதை நான் மறுக்கவில்லை, நண்பரே. ஓவியத்தின் அளவு உங்களுக்கு எங்கே தெரிந்தது? 3.79 மீட்டர் உயரமும் 4.53 மீட்டர் அகலமும் கொண்ட அந்தக் கித்தான், காவற்படையினர் கூடும் மண்டபத்துக்காக, உருவங்கள் நம்மை நோக்கி நடந்துவருவது போலத் தோன்றும்படி வரையப்பட்டது. கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் அதே நூற்றாண்டில் இதைப் பார்த்து வரைந்த நகலின் அகலமோ சுமார் 85 சென்டிமீட்டர்தான். இரண்டையும் மடிக்கணினியில் அருகருகே திறந்து பாருங்கள். ஒரே அளவில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. 1715-இல் நகர மன்றத்துக்கு மாற்றியபோது, சுவரில் பொருந்துவதற்காக நான்கு பக்கமும் ஓவியத்தை வெட்டினார்கள். இடப்பக்கம் மட்டும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் போயிற்று. லுண்டன்ஸின் நகலைக் கொண்டு, செயற்கை நுண்ணறிவின் உதவியோடு அந்தத் துண்டுகளை 2021-இல் மீட்டுருவாக்கிக் காட்டினார்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் விளக்கக் குறிப்பு இல்லாமல் கைமாறும்போது, ரெம்பிராண்டின் கை எங்கே முடிகிறது, கணினியின் கை எங்கே தொடங்குகிறது என்பதைத் திரையை மட்டும் நம்பிய மாணவர் எப்படி அறிவார்?

தூரிகை எழுதியது:
அளவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் நேரில் போகக் கூடியவர் யார்? என் ஆய்வேட்டில் ஒரே ஒரு படத்தைச் சேர்ப்பதற்கு வேறொரு வெளிநாட்டு அருங்காட்சியகம் கேட்ட கட்டணம், என் ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம். அந்தப் பக்கத்தைப் படமின்றியே அச்சிட்டேன். இன்றும் அதைப் புரட்டினால் மனம் வலிக்கிறது. ரைக்ஸ் அருங்காட்சியகமோ 2012-இலிருந்து தன் படங்களை இலவசமாக எடுத்தாள விடுகிறது. அந்த வாசல் திறந்த பிறகும் விமானச் சீட்டைத் தகுதியாகக் கேட்பது அநீதி.

நெடுஞ்சுவர் எழுதியது:
கட்டணத்தைப் பற்றி நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசுவோம். படத்தின் வலக் கீழ்ப்புறம் முரசைப் பார்த்துக் குரைக்கும் நாய், ஆட்ரியான் ஃபான் டெ ஃபென்னெ என்ற ஓவியர் வரைந்த நாயைப் பார்த்து வரைந்தது என்று 2025-இல் அறிவித்தார்களே, அது எப்படித் தெரியவந்தது? மிடில்பர்க் நகரத்தில் ஒரு கண்காட்சிக்குப் போன காப்பாட்சியர், அங்கிருந்த பழைய நூலின் முகப்புப் பக்கத்தில் அதே தலைத் திருப்பத்தைக் கண்டு திடுக்கிட்டார். 717 ஜிகாபிக்சலை மூன்றாண்டுகளுக்கு மேல் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தும் இது எவர் கண்ணிலும் படவில்லை.

தூரிகை எழுதியது:
ஐயத்தைத் தந்தது அவர் கண்தான். அதற்கு வலுச் சேர்த்தது எக்ஸ்-கதிர் வருடல். வண்ணத்துக்கு அடியிலுள்ள சுண்ணக் கோட்டுருவத்தை அது வெளிக்கொணர்ந்தபோது, ஒற்றுமை மேற்பரப்பில் இருப்பதைவிட அங்கே இன்னும் தெளிவாக இருந்தது. கருவி இல்லாவிட்டால் ‘இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன’ என்ற பேச்சோடு அது நின்றிருக்கும்.

ஏட்டடுக்கு எழுதியது:
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. 1975-இல் ஒருவர் இந்த ஓவியத்தைக் கத்தியால் கிழித்தார். அதைத் தொடர்ந்து நடந்த சீரமைப்பில் பூசிய வார்னிஷை, அதாவது வண்ணத்தின் மேலுள்ள மெருகுப் பூச்சை, 2024 நவம்பரில் அகற்றத் தொடங்கினார்கள். 2022-ஆம் ஆண்டின் படத்தில் இருப்பது அந்த வார்னிஷோடு கூடிய மேற்பரப்பு. இனி ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் நெடுஞ்சுவர் அவர்களுக்கு அது காணக் கிடைக்காது. தூரிகை அவர்கள் திரையில் பார்ப்பதோ இப்போதைய ஓவியம் அன்று. ஆகவே மேற்கோள் காட்டும்போது எஸ்கே-சி-5 என்ற பதிவெண்ணோடு, படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். கல்வெட்டுப் படியைச் சுட்டும்போது படியெடுத்த ஆண்டைக் குறிப்பதில்லையா?

தூரிகை எழுதியது:
இது எனக்கு உறைத்தது. நான் எழுதிவரும் கட்டுரையில் ‘ஓவியத்தில் காணப்படுகிறது’ என்று வரும் இடங்களையெல்லாம் ‘2022-ஆம் ஆண்டுப் படத்தில் காணப்படுகிறது’ என்று இன்றே திருத்துகிறேன்.

நெடுஞ்சுவர் எழுதியது:
திருத்துங்கள். வண்ணச் செறிவைப் பற்றிய பத்தியை மட்டும், வார்னிஷ் அகற்றிய பிறகான படம் வெளிவரும்வரை நிறுத்தி வையுங்கள். அளவைப் பற்றிய என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.