கூடு விட்டுக் கூடு பாய்ந்த மாருதி

தூத்துக்குடியிலிருந்து:

வீட்டிலேயே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி வேறு பாடியில் ஏற்றியவர்கள் யாராவது உண்டா என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. ஒரே ஒருமுறை செய்தேன். இன்னொரு முறை செய்வாயா என்று கேட்டால், மனைவி பக்கத்தில் இருக்கும்போது பதில் சொல்ல மாட்டேன்.

வண்டி அப்பாவுடையது. 1997ஆம் ஆண்டு மாருதி 800. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், நான்கு கியர். உப்பளத்துக்குப் போகும் சாலையில் 20 ஆண்டுகளுக்கு மேல் வெட்டவெளியில் நின்ற வண்டி என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். இங்கே காற்றே உப்பு. ஜன்னல் கம்பியைத் தின்கிறது, கேட்டைத் தின்கிறது, மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பியைக்கூட விடுவதில்லை. காரை மட்டும் விட்டுவைக்குமா? ஓட்டுபவர் காலுக்குக் கீழே இருந்த மிதியடியைத் தூக்கினால் சாலை தெரிந்தது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகவில்லை, தரை ஒழுகியது.

இரண்டு முறை தகரம் வைத்துப் பற்றவைத்தோம். மூன்றாம் முறை போனபோது டிங்கர் வேலை செய்பவர் பானட்டைத் திறந்து, முன்பக்க ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் இடத்தை ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினார். அது உள்ளே போய்விட்டது. "ஒட்டுப் போடலாம் அண்ணாச்சி. எதன் மேல் ஒட்டுவது?" என்றார்.

ஆனால் எஞ்சின் அப்படி இல்லை. 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்புதான் ரிங் மாற்றி வால்வு உரசியிருந்தோம். சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். காயலான் கடைக்காரர் விலை சொன்ன அன்று அப்பா சாப்பிடவில்லை. "இதயம் ஓடுகிற ஆளைப் புதைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். வேறு கூடு தேடுவது என்று அன்று இரவே முடிவானது.

கூடு சிவகங்கைப் பக்கம் கிடைத்தது. 1999 வண்டி. தண்ணீர் இல்லாமல் ஓட்டி எஞ்சினை ஜாம் ஆக்கி, கொட்டகையில் போட்டு வைத்திருந்தார்கள். வறண்ட ஊர் என்பதால் தகரம் தகரமாகவே இருந்தது. வாங்கப் போகும்போது நான் எடுத்துச் சென்ற ஒரே கருவி குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பிள்ளையார் காந்தம். காந்தம் பிடித்தால் தகரம், வழுக்கி விழுந்தால் உள்ளே ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டி. கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, ஷாக் அப்சார்பர் தலை, டிக்கியில் உதிரிச் சக்கரம் வைக்கும் பள்ளம், நான்கு பேர் கால் வைக்கும் இடம், எல்லாவற்றிலும் பிள்ளையார் நின்றார். இடது பின்பக்க மட்கார்டில் மட்டும் விழுந்தார். அதை விலையில் கழித்துக்கொண்டோம்.

வாங்கும்போது வருடத்தையும் ரகத்தையும் கட்டாயம் பாருங்கள். 2000 வாக்கில் 800க்கு எம்.பி.எஃப்.ஐ., அதாவது கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, வந்துவிட்டது. அந்தக் கூட்டில் கார்புரேட்டர் எஞ்சினை வைக்கப் போனால் பெட்ரோல் பம்ப் தொட்டிக்குள் இருக்கும், ஒயரிங் முழுவதும் வேறாக இருக்கும். நம் எஞ்சினில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது, கேம் ஷாஃப்ட் அதை இயக்குகிறது. கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர், நான்கு கியருக்கு நான்கு கியர் என்று அமைந்ததால்தான் எங்கள் வேலை வேலையாக முடிந்தது. இல்லாவிட்டால் ஆராய்ச்சியாகியிருக்கும்.

இனி வேலை. ஆட்கள் மூன்று பேர்: நான், அப்பா, பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வில் இருந்த எதிர்வீட்டு மெக்கானிக் அண்ணாச்சி. உதவிக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள். இடம், வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடி. கிளையிலே பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைக் கட்டிவிடலாம் என்றேன். அண்ணாச்சி கிளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதில் சொல்லாமல் தெருமுனைக்குப் போய் போர்வெல் மோட்டார் இறக்குபவரிடம் இரும்பு முக்காலியையும் செயின் பிளாக்கையும் வாடகைக்குப் பேசி வந்தார். 300 அடி ஆழத்திலிருந்து குழாயோடு மோட்டாரைத் தூக்கும் முக்காலிக்கு மாருதி எஞ்சின் ஒரு பொருட்டே இல்லை. ஊரில் எஞ்சின் இறக்கப் போகிறவர்கள் முதலில் போர்வெல்காரரைத்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

கழற்றுவது ஒரு நாள் வேலை. பாட்டரி, பானட், ரேடியேட்டர், ஏர் ஃபில்டர், ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடாமீட்டர் கேபிள், கீழே படுத்துக் கியர் கம்பி, சைலன்சர் குழாயின் போல்ட். அந்த போல்ட்தான் அரை நாளைத் தின்றது. துருவும் சூடும் சேர்ந்து ஒன்றாக்கிய இரும்பை மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, திட்டி, கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். முன்சக்கரத்தைச் சுற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டை உருவும்போது கியர்பாக்ஸ் எண்ணெய் கொட்டும் என்று அண்ணாச்சி முன்கூட்டியே சொன்னார். அம்மா கோலமாவு வைத்திருந்த பேசினை அப்பா கொண்டுவந்து வைத்தார். அது தனிக் கதை.

ஒயர்களுக்குப் பெயர் எழுதி ஒட்டும் பொறுப்பு மகளுடையது. நான் சொல்லச் சொல்ல வெள்ளை டேப்பில் எழுதினாள்: செல்ஃப் மோட்டார், ரேடியேட்டர் விசிறி, ஆயில் விளக்கு. எனக்குத் தெரியாதவற்றுக்கு அவளாகவே "தெரியவில்லை 1", "தெரியவில்லை 2" என்று எண் கொடுத்துவிட்டாள். மூன்று வரை போனது. அந்த மூன்றை நினைவில் வையுங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக மேலே வந்தன. தொங்கும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு விரலால் தள்ளினால் மெல்லச் சுற்றுகிறது. இத்தனை வருடம் எங்கள் ஐந்து பேரையும் திருச்செந்தூருக்கும் குற்றாலத்துக்கும் இழுத்துப்போனது இவ்வளவுதானா என்று இருந்தது. அப்பா பழைய வேட்டியால் அதைத் துடைத்துக்கொண்டே நின்றார். தரையில் இறக்கியதும் இரண்டையும் பிரித்து கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், கிராங்க் ஆயில் சீல் நான்கையும் புதிதாகப் போட்டோம். எஞ்சின் வெளியே இருக்கும்போது கை நன்றாகப் போகும். இங்கே கஞ்சத்தனம் செய்தால் ஆறு மாதத்தில் இதே சீலுக்காக மறுபடி முக்காலி வாடகை கொடுக்க வேண்டிவரும். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த அண்ணாச்சியிடம் ஒரு மரக்குச்சி இருந்தது. யாரோ தச்சரிடம் கடைந்து வாங்கியது, 30 வருடப் பழக்கத்தில் கறுத்து வழவழவென்று இருந்தது. கிளட்சில் செருகி எடுத்த பிறகு அதைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குத் தரவில்லை.

ஏற்றுவது ஒன்றரை நாள். கூட்டை முன்பே பெயின்ட் அடித்து வைத்திருந்தோம், அதே வெள்ளை. எஞ்சினைத் தாங்கும் மூன்று மவுன்ட்டில் இரண்டு உட்கார்ந்துவிட்டன. மூன்றாவது அரை விரல்கடை தள்ளி நின்று எங்களை வேடிக்கை பார்த்தது. எந்த போல்ட்டையும் முழுதாக இறுக்காதே, மூன்றும் ஓட்டையில் விழுந்த பிறகு இறுக்கு என்பது அண்ணாச்சி கற்றுத் தந்த பாடம். ஒரு கடப்பாரை, ஒரு "முருகா", உட்கார்ந்தது.

இரண்டாம் நாள் மாலை அண்ணாச்சி ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டார். எல்லாம் மாட்டியாகிவிட்டது, சும்மா ஒருமுறை சாவி திருப்பிப் பார்ப்போமே என்று எனக்கு ஒரு நப்பாசை. திருப்பினேன். செல்ஃப் மோட்டார் முனகியது. மறுபடி திருப்பினேன். முன்னால் நின்ற மகள், "அப்பா, புகை!" என்று கத்தினாள். பெட்ரோல் என்றுதான் முதலில் பயந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் கிளட்ச் கேபிள். அதன் கறுப்பு உறை இளகி வழிந்துகொண்டிருந்தது.

பாட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் விழித்தேன். கிளட்ச் கேபிளில் மின்சாரத்துக்கு என்ன வேலை? இரவு சாப்பாட்டுப் பந்தியிலிருந்து திரும்பிய அண்ணாச்சி, வெற்றிலையோடு வந்து கேட்ட ஒரே கேள்வி: "எர்த் பட்டை எங்கே?"

மகளின் டப்பாவில் இருந்தது. சடை மாதிரிப் பின்னிய செம்புப் பட்டை, பச்சை பூத்து, எதற்கும் ஆகாத துண்டு போல. "தெரியவில்லை 3."

எஞ்சின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாட்டரியின் நெகட்டிவ் பாடியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது அந்தப் பட்டைதான். அது இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் திரும்பிப் போக வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு, கேபிளுக்குள் இருந்த மெல்லிய கம்பி மட்டும். அது அடுப்புக் கம்பியாகிவிட்டது. பட்டையை மாட்டியும் முனகல் முழுதாகத் தீரவில்லை. அது உட்காரும் இடத்தில் நாங்களே ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்திருந்தோம். உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார் அண்ணாச்சி. மறுநாள் காலை புதுக் கிளட்ச் கேபிளோடு ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது.

காகித வேலையைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. நாம் எஞ்சினை மாற்றியதாக நினைக்கிறோமா, பாடியை மாற்றியதாக நினைக்கிறோமா என்பது சட்டத்துக்கு முக்கியமில்லை. 800க்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கூடுதான் சேசிஸ். சேசிஸ் எண் கூட்டில் இருக்கிறது. ஆகவே ஆர்.சி. என்ற பதிவுச் சான்றின்படி இது சிவகங்கை வண்டி, அதில் எஞ்சின் மாறியிருக்கிறது. முதலில் படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம். பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதியோடு ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணைத் திருத்துவது. அதே ரக எஞ்சின் என்பதால் சிக்கல் இல்லை. வேறு ரகத்தைத் திணிக்க நினைப்பவர்கள், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்துவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள்.

அப்பாவுக்கு இதுதான் தாங்கவில்லை. பழைய நம்பரின் கூட்டுத்தொகை ஒன்பது. 1997இல் அதற்காகவே காத்திருந்து வாங்கியவர். புது நம்பரைக் கூட்டினால் எட்டு. "எஞ்சின் என்னுடையது, நம்பர் எவனுடையதோ" என்று ஒரு மாதம் புலம்பினார். வண்டியை ஓட்டாமல் இல்லை, புலம்பிக்கொண்டே ஓட்டினார்.

கோயம்புத்தூரிலிருந்து:

நல்ல பதிவு. ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிரைவ் ஷாஃப்டை உருவுவதற்கு முன் கழற்றும் முன்சக்கரத்தின் நடு நட்டை வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதே தளர்த்த வேண்டும், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு. ஜாக்கியில் தூக்கிவிட்டு நீளக் குழாய் போட்டு நெம்பிய ஒருவரின் மேல் வண்டி சரிந்ததைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். தோள்பட்டையோடு போயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். உதிரிச் சக்கரத்தையாவது பாடிக்குக் கீழே தள்ளி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் வீட்டில் இதே வேலை மொறிஸ் மைனருக்கு நடந்தது. இங்கிலாந்தில் 1971உடன் நிறுத்திய காரை எங்கள் ஊரில் இன்றும் ஓட்டுகிறோம் என்றால், ஒன்றின் உயிரை இன்னொன்றில் ஏற்றி ஏற்றித்தான். அது பின்சக்கரம் இழுக்கும் கார். எஞ்சின் முன்னால், பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷல் பின்னால், நடுவில் நீளத் தண்டு. கியர்பொக்ஸுக்கு மேலே காருக்குள் ஒரு தகர மூடி உண்டு. சீற்றுகளைக் கழற்றி, அந்த மூடியின் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் கை உள்ளே போகும். எத்தனை ஆணி என்று எண்ணிக்கொண்டே வந்த சித்தப்பா பாதியில் கணக்கை விட்டுவிட்டார்.

எங்களுடைய எஞ்சின் தொண்ணூறுகளில், பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் செய்ய மட்டும் கார்புரேட்டரில் சில துளி பெற்றோல் விடுவார்கள், சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். கழற்றிப் பார்த்தபோது பிஸ்டன் தலையில் கரி அப்பளம் போலப் படிந்திருந்தது. சித்தப்பா அதைச் சுரண்டவே விடவில்லை. கடைசியில் அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் சுரண்டினோம்.

மதுரையிலிருந்து:

தூத்துக்குடி அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. பழைய கூட்டை என்ன செய்தீர்கள்? பழைய ஆர்.சி.?

தூத்துக்குடியிலிருந்து:

வண்டி இனி ஓடாது என்று 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக்கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும், அதே சட்டத்தின் 55ஆம் பிரிவு. செய்துவிட்டேன். இல்லாவிட்டால் அந்தக் காகிதம் எங்கே போய் எந்தத் திருட்டு வண்டியில் ஒட்டும் என்று சொல்ல முடியாது. சேசிஸ் எண் இருந்த தகரத்தை என் கண் முன்னாலேயே வெட்டச் சொன்னேன். கூட்டைக் காயலான் கடைக்காரர் மாட்டுவண்டி போன்ற ஒரு தட்டுவண்டியில் ஏற்றிப்போனார். வழியெல்லாம் துரு உதிர்ந்தது.

பழைய நம்பர் பிளேட்டை மட்டும் அப்பா கழற்றி வைத்துக்கொண்டார். கிணற்றடி மோட்டார் சுவிட்சுக்கு மேலே மழைச் சாரல் படாமல் இருக்க அதை வளைத்து அடித்திருக்கிறார். கூட்டுத்தொகை ஒன்பது, மோட்டார் எரியாது என்கிறார். போன புரட்டாசியில் ஒருமுறை எரிந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.