டை கட்டிங் மெஷினில் வெட்டும் சதுரங்கள் இழுபட்டு வருகின்றன

கேள்வி:
குவில்ட்டுக்கு (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) டை கட்டிங் மெஷினில் பருத்தித் துணி வெட்டுகிறேன். பிளேடு பதித்த டை என்ற அச்சுப் பலகையின் மேல் துணியை வைத்து, உருளைகளுக்கு இடையே அழுத்தி வெட்டும் மெஷின் இது. ஆறு மடிப்பு வைத்து ஓட்டினால் சதுரங்கள் லேசாக இழுபட்டு நீள்சதுரமாக வருகின்றன, ஓரங்களில் ஒன்றிரண்டு நூல் அறுபடாமல் தொங்குகிறது, அதை இழுத்தால் ஓரமே பிசிறாகிவிடுகிறது. ரோட்டரி கட்டருக்கே (கையால் உருட்டி வெட்டும் வட்ட பிளேடு) திரும்பிவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள், முதலில் துணியின் திசையைப் பாருங்கள். உருளைகள் துணியைத் தாங்கள் ஓடும் திசையில் இழுக்கும். கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் அவ்வளவாக இழுபடாது, குறுக்கே ஓடும் ஊடை நூல் கொஞ்சம் நெகிழும். அதனால் துணியின் கரை மெஷினுக்குள் நேராகப் போகும்படி வையுங்கள். வெட்டும் முன் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் துணி விறைப்பாக நின்று வெட்டு இன்னும் சுத்தமாக விழும்.

பதில் 2:
நூல் அறுபடாததற்கு மேலே வைக்கும் பிளாஸ்டிக் பாய்தான் காரணமாக இருக்கும். ஒரே இடத்தில் பிளேடு பதிந்து பதிந்து பள்ளம் விழுந்துவிடும், அங்கே அழுத்தம் கிடைக்காது. அடிக்கடி புரட்டிப் போடுங்கள். டையின் ஸ்பாஞ்சுக்குள் சிக்கிய நூலையும் ஊசியால் கிளறி எடுங்கள், அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பதில் 3:
நீளப் பட்டைகளுக்கு எனக்கு ரோட்டரி கட்டர்தான். ஆனால் முக்கோணத்துக்கு டையை விடமாட்டேன். கால் அங்குலத் தையல் இடம் சேர்ந்தே வெட்டுப்படும், பல டைகளில் கூர்முனையும் நறுக்கப்பட்டே வரும், இரண்டு துண்டையும் பொருத்துவது அவ்வளவு சுலபம்.

கேள்வி கேட்டவர்:
கரைத் திசையை மாற்றி, மடிப்பை நான்காகக் குறைத்தேன். சதுரம் சரியாக வருகிறது! பாயை இன்று புரட்டிப் பார்க்கிறேன், மிக்க நன்றி.